வெறும் நெஞ்சோடு மூச்சடக்கிய நாள்

எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அதிக நேரம் மூச்சடக்குகிறவனுக்கு ‘நல்ல இதயம்’ என்று எழுதிக் கொடுப்பார்கள். போன வருடம் சோளகக் காற்று ஓய்ந்த சமயம் ஊர்காவற்றுறையிலிருந்து கொழும்புக்கு ஸ்கான் எடுக்கப் போனபோது, நான் மனதார நம்பியது இதைத்தான்.

என் இதய வால்வு ஒன்று சரியாக மூடாமல் இரத்தம் பின்னுக்குக் கசிகிறதாம். எவ்வளவு என்று முன்பு எடுத்த ‘எக்கோ’ ஸ்கானில் தெளிவாகத் தெரியவில்லை. இந்த எம்.ஆர்.ஐ.யில் அளந்து பார்த்துத்தான் நெஞ்சைத் திறப்பதா, விடுவதா என்று டொக்டர் சொல்வார். நானோ இளவயதிலிருந்து கடலடியில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன். மூச்சடக்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

“இஞ்சாருங்கோ, பயப்பிடாதேங்கோ” என்றாள் மனைவி.

“ஆர் பயந்தது?” என்றேன், ஆஸ்பத்திரி அங்கியை முன்பின் மாற்றிப் போட்டபடி.

ஸ்கான் எடுத்த பெண் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. குழாய்க்குள் படுத்ததும் காதில் அவள் குரல் வந்தது: “மூச்சை முழுக்க வெளிய விட்டிட்டு, அப்பிடியே நில்லுங்கோ.”

வெளியே விட்டுவிட்டா? நாங்கள் நெஞ்சு நிறையக் காற்றோடுதான் அடிக்கு இறங்குவோம். ஒவ்வொரு முறையும் களவாக ஒரு வாய் காற்றை நிரப்பிக்கொண்டேன்.

“அண்ணை, களவா மூச்செடுக்கிறியள் என்ன? ஒரு படத்தில இதயம் மேல நிக்குது, ஒண்டில கீழ நிக்குது. இப்பிடியெண்டா கசிவை அளக்கேலாது.”

“பிள்ளை, நான் சங்கு குளிக்கிறனான். காத்தில்லாமல் நிக்க ஏலாது.”

“இஞ்ச தண்ணியில்லை அண்ணை. நான் சொன்ன உடன மூச்செடுக்கலாம். என்னை நம்புங்கோ.”

இயந்திரம் பழைய வள்ளத்து எஞ்சின் போலத் தடதடத்தது. கண்ணை மூடினேன். முதுகில் மாட்டும் காற்றுச் சிலிண்டர்கள் வராத காலம் நினைவுக்கு வந்தது. பச்சை வெளிச்சத்தில், மணலில் சங்கு ஊர்ந்த தடத்தைப் பிடித்துக்கொண்டே போவேன். மேலே என் அண்ணன் கயிற்றோடு நிற்பான். நான் ஓர் இழுப்பு இழுத்தால் போதும், தூக்கிவிடுவான். அவன் கனடாவுக்குப் போய் எத்தனையோ காலம். அந்தக் கயிறு அன்று அந்தப் பிள்ளையின் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, இருந்த காற்றையெல்லாம் விட்டேன்.

“இப்ப எடுங்கோ அண்ணை.”

அதற்குள் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

கசிவு நடுத்தரம், இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை, ஆனால் இனிக் கடலில் மூழ்கக்கூடாது என்றார் டொக்டர். இப்போது மற்றவர்கள் சங்கு குளிக்கிறார்கள். நான் வள்ளத்தில் நின்று கயிறு பிடிக்கிறேன்.