குறைகள்: இல்லை

"உடல்தகுதி முதல் தரம். நெடுந்தூரம் நடக்கவும் சுமை தூக்கவும் வல்லவர். குறைகள்: இல்லை."

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் கோப்பு இப்படி வர்ணிக்கும் மனிதர், அதே அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்கு ஏற இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். உடல் நலிந்தவர்களுக்கான பிரிவை மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ. மூச்சு நெஞ்சுக்குள் விசிலடித்தது. அவருக்குத் 'துருத்தி' என்று பெயர் வைத்த மைத்துனர் நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் ஊதித் தள்ளுபவர், குத்துக்கல் மாதிரி இருக்கிறார். இவரோ பீடியைக்கூடத் தொட்டதில்லை.

படையில் பதினோரு வருடம் மருத்துவக் கூடாரத்து உதவியாள். காலையில் கட்டுத்துணி, ஊசி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பின்பக்கக் குழியில் கொட்டி, டீசல் ஊற்றி எரிப்பார்; கரும்புகை அடங்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். மாலையில், பணி முடிந்து வீடு திரும்புகிறவர்களின் விடுவிப்புப் படிவத்தை நிரப்புவார். அதில் 'குறைகள்' என்றொரு கட்டம். எதையாவது எழுதிவைத்தால் மருத்துவக் குழு வரும்வரை மூன்று வாரம் முகாமிலேயே கிடக்க வேண்டும். ஆகவே எல்லோருக்கும் 'இல்லை' என்று எழுதினார். ஒருவரையும் கேட்கவில்லை. நல்ல மனுஷன் என்று பெயரும் வாங்கினார். கடைசியில், இருமிக்கொண்டே, தன் படிவத்திலும் அதையே எழுதினார்.

அந்த ஒற்றைச் சொல்லைக் காட்டித்தான் நோய்க்கான உதவித்தொகையையும் இலவச சிகிச்சையையும் மறுத்திருந்தார்கள். இன்று மேல்முறையீடு. இதற்கு மேல் போக இடமில்லை.

"எவனோ எழுதினான்னு சொல்லிடுங்க," என்றாள் மனைவி, அவர் முதுகை நீவிக்கொண்டே. "உங்க எழுத்துன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"ஆமா, பெரிய சத்தியசந்தரு. மூச்சு விடத்தான் முடியல, உண்மை பேச மட்டும் தெம்பு இருக்கு."

மேசைக்குப் பின்னால் மூவர். நடுவிலிருந்த அதிகாரி பழைய படிவத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தாங்க."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப நோய் இல்லேன்னுதானே அர்த்தம்?"

"நோய் இருந்துச்சு சார். வீட்டுக்குப் போற அவசரமும் இருந்துச்சு. மத்தவங்களுக்கும் நான்தான் அப்படி எழுதினேன், அவங்களக் கேக்காமலே. அதையும் பதிவு பண்ணிக்குங்க."

"அவங்க சமாச்சாரம் இன்னிக்கு விசாரணையில இல்லையே." ஓரத்தில் பதிவு செய்துகொண்டிருந்த தட்டச்சர் விசையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். அதிகாரி தொடர்ந்தார்: "தெரிஞ்சே பொய்த் தகவல் குடுத்திருக்கீங்க. தள்ளுபடி."

விசாரணை முடிய, படியேறிய நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை.

"வாங்க," என்றாள் மனைவி. "இறங்குறதுக்காவது மூச்சு மிச்சம் இருக்கட்டும்."

அவர் தாழ்வார பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதத் தொடங்கினார். தபால் பிரிவு எழுத்தர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது எந்தக் கோப்புலயும் சேராதுங்க. அந்தப் பெட்டியில போடுவேன். அதுல போனது எதுவும் இதுவரைக்கும் வெளிய வந்ததில்ல."

"போடுங்க."

தாளில், அவர் நினைவில் நின்ற முப்பத்தொரு பெயர்கள் இருந்தன. அவர்களைக் கேட்காமல் 'இல்லை' என்று எழுதியவன் தானே என்று அடியில் எழுதி, கையெழுத்திட்டிருந்தார்.