சாக்கில் மிஞ்சிய கோப்பை

சிதம்பரத்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது, பிச்சாவரம் பக்கத்து மீனவர் ஒருவர் சாக்கு மூட்டையோடு வந்தார். உப்புக்காற்றில் வெளுத்த புருவம். தாயில்லாத மகள் வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். உதவித்தொகையோடு இடம் தர, அவள் வாங்கிய பரிசுகளுக்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். இவர் சான்றிதழ்களை விட்டுவிட்டுக் கோப்பைகளையே தூக்கி வந்திருந்தார்.

ஒவ்வொன்றையும் துண்டால் பளபளவென்று துடைத்து வைத்தார். நான் படம் எடுத்தேன். இருப்பதிலேயே பெரியது மட்டும் சாக்கிலேயே கிடந்தது.

"அது?" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. அதயும் காட்டுனா சீட்டு குடுத்துடுவாங்க, புள்ள கெளம்பிடும். ஊட்டுல நாங்க ரெண்டு பேருதான்."

வாசல்வரை போனவர் திரும்பி வந்து, அதையும் மேசைமேல் வைத்தார். துடைக்கவில்லை. நான்தான் துடைத்தேன்.