அறுபது பேருக்கு முன்னால்

புதிய பரீட்சைப் பெறுபேற்றைப் பெற்றோருக்குப் புரியும்படி விளக்க வேண்டும் என்பது விதி. ஹட்டன் கல்விக் கந்தோருக்கு வந்த தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவுக்கு நானும் விளக்கினேன். கறை பிடித்த விரல்களை முந்தானையில் துடைத்த பிறகே ஒவ்வொரு முறையும் மகளின் பெறுபேற்று அட்டையைத் தொடுவார்.

"நூறு பிள்ளைகளில் அறுபது பேர் உங்க மகளுக்குப் பின்னால."

"அப்ப பாஸுங்களா?"

"அது இதில் இல்லை."

"கொழுந்து நிறுத்தா அன்னைக்குக் கூலி முழுப்பேரா அரைப்பேரான்னு கணக்கப்புள்ள அங்கேயே சொல்லிடுவாருங்க. புள்ளைக்கு டவுன் ஸ்கூலா, மலையில கொழுந்தான்னு நீங்க சொல்ல மாட்டீங்களா?"

பாஸா இல்லையா என்று கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு எழுதிக் கேட்டேன்.

"பதில் வர்ற வரைக்கும் புள்ளைக்குக் கொழுந்துக் கூடை வாங்கலீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எவ்வளவு காலம் வாங்காமல் இருந்தாரோ, தெரியாது. பதில் வந்தது மறுவருடம், டவுன் ஸ்கூலில் சேர்க்கை முடிந்த பிறகு, தைப்பொங்கலுக்கு அடுத்த நாள்.