முதல் விழுந்தது குண்டுக்கு

என் கணவர் திருக்கோணமலைத் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்தார். கோயில் வாசல் வரை என்னைக் கூட்டிவருவார். உள்ளே வரமாட்டார். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். “இல்லாத ஒராளுக்காக நான் ஏன் சேட்டுக் கழட்டோணும்?” என்பார். சண்டை பிடித்துப் பிடித்து எனக்கு அலுத்துவிட்டது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒருநாள், காலைப் பூசை நேரம் பார்த்து அபாயச் சங்கு ஊதியது. வாசலில் நின்றவர் போட்ட சேட்டோடு உள்ளே ஓடிவந்து, என்னையும் இழுத்துக்கொண்டு கொடிமரத்தடியில் குப்புற விழுந்தார். விமானம் வந்தால் அப்படிப் படுக்கவேண்டும் என்று பட்டறையில் பழக்கியிருந்தார்கள். துறைமுகப் பக்கம் குண்டுகள் விழுந்தன. நெஞ்சுக்குக் கீழே நிலம் அதிர்ந்தது.

விமானங்கள் போன பிறகு எழுந்தார். உடம்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு சட்டையைக் கழற்றி என் கையில் தந்தார்.

“இப்ப எதுக்கு? அதுதான் எல்லாம் முடிஞ்சுதே” என்றேன்.

“ஓம், முடிஞ்சுது. முதல் விழுந்தது குண்டுக்குப் பயந்து. அதைத் தனக்கெண்டு அவர் நினைக்கப்படாது.”

சொல்லிவிட்டு, மூலஸ்தானத்தைப் பார்த்து மறுபடியும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.