அடிப்பிடித்த பாட்டுகள்

எங்கள் வீட்டு அடுக்களையில் ஓர் அலுமினியச் சட்டி இருக்கிறது. அதன் உள்ளே, அடியில் இரண்டு கறுப்புத் தழும்புகள். புளி, சாம்பல், தேங்காய்நார், கடையில் விற்கிற கம்பிச் சுருள் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தாயிற்று, இரண்டுமே அசையவில்லை. பெரிய தழும்பு அத்தை, அதாவது என் மாமியார், உண்டாக்கியது. சின்னது புதிது, அதைக் கடைசியில் சொல்கிறேன். வேறு வீடாக இருந்தால் இந்தச் சட்டி எப்போதோ பழைய பாத்திரக்காரரிடம் போயிருக்கும். எங்கள் வீட்டில் இது ஒரு வருஷத்தின் சிறந்த பாட்டுக்கான அத்தாட்சி என்றால் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

ராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. மண்டபத்திலிருந்து தினமும் பஸ். போகும்போதும் வரும்போதும் காதில் பாட்டு ஓடும்; வேலை நேரத்தில்கூட ஒரு காதில் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிற பாட்டு எதையும் கேட்காமல் விட மனம் வராது. ஒவ்வொரு டிசம்பரிலும், அந்த வருஷம் எனக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதி, என் வலைப்பக்கத்தில் போடுவேன். கல்யாணத்துக்கு முன்பே தொற்றிக்கொண்ட பைத்தியம் இது. முன்பின் தெரியாதவர்கள் வந்து, ஏழாவதாக இருப்பதை ஏன் இரண்டாவதாகப் போடவில்லை என்று சண்டை பிடிப்பார்கள். சண்டை பிடிக்க ஆள் இருக்கிறதே என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

நான் பிறந்தது முதுகுளத்தூர் பக்கம், மிளகாய்க் காட்டு ஊர். வாக்கப்பட்டு மண்டபத்துக்கு வந்த முதல் டிசம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து போனில் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தேன். அத்தை நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். ஜன்னலில் அவருடைய டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது. "என்னத்தா, விடிஞ்சதுலருந்து அதையே தடவிக்கிட்டு இருக்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். மீனை அப்படியே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "பத்தா? ஒரு வருஷத்துக்குப் பத்தா? எனக்கு மூணு தேறுறதே பெரும்பாடா இருக்கு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். அடுப்பும் ரேடியோவும்தான் அவர் உலகம் என்று நினைத்திருந்தேன். அவரிடமும் வருஷப் பட்டியல் ஒன்று இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர் கணக்கே வேறு. எந்தப் பாட்டைக் கேட்டு வீட்டில் ஏதாவது கெட்டுப்போனதோ, அதுதான் அந்த வருஷத்துப் பாட்டு. அந்த வருஷம் தேறிய மூன்றுக்கும் அவர் வைத்திருந்த பெயர்கள்: பால் பொங்குன பாட்டு, பூனை மீன் தின்ன பாட்டு, ரயில விட்ட பாட்டு. யார் பாடியது, எந்தப் படம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது, அக்கறையும் கிடையாது. ரயிலை விட்ட கதையைக் கேட்டேன். ராமநாதபுரம் போவதற்காக ஸ்டேஷனுக்குப் போனவர், வெளியே டீக்கடையில் ஓடிய பாட்டு முடியட்டும் என்று நின்றிருக்கிறார். ரயில் வந்து நின்று, கிளம்பிப் போயேவிட்டது. "ரயிலப் பாக்கலையா அத்தை?" என்றேன். "பாத்தேனே. போகுது போகுதுன்னு பாத்துக்கிட்டேதான் நின்னேன்" என்றார்.

அவரிடம் சட்டதிட்டங்களும் இருந்தன. வேண்டுமென்றே கெடுத்தால் சேராது. தேடிப் பிடித்துக் கேட்ட பாட்டு சேராது, அதுவாக வந்து காதில் விழுந்திருக்க வேண்டும். பழைய பாட்டாக இருக்கலாம். "எப்ப வந்திருந்தா என்ன, எனக்கு இந்த வருஷந்தான வந்துச்சு" என்பார். அடுத்த வருஷம் நான் ஒரு நாள் ரசத்தை வேண்டுமென்றே கொதித்துச் சுண்டவிட்டு, என் பத்தில் ஒன்றை அவர் கணக்கில் ஏற்றப் பார்த்தேன். கரண்டியால் ஒரு துளி எடுத்து நக்கிவிட்டு, "ஏத்தா, மறந்து சுண்டுன ரசம் இப்படி இருக்காது. நீ கிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்க" என்றார். அதற்குள் வீட்டில் இது ஒரு வழக்கமாகிவிட்டது. எது தீய்ந்தாலும், எது பொங்கி வழிந்தாலும், மின்வாரியத்தில் வேலை பார்க்கும் என் கணவர் உட்பட எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி, "எந்தப் பாட்டு?"

விளையாட்டாகத்தான் இருந்தது, ஆனாலும் அது என்னை அரித்தது. என் பத்துப் பாட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். அவற்றைக் கேட்டுக்கொண்டே ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களில் பெயர் ஒட்டியிருக்கிறேன், பஸ்ஸில் சில்லறை வாங்கியிருக்கிறேன், வெங்காயம் நறுக்கியிருக்கிறேன். ஒரு பாட்டுகூட என் கையை நிறுத்தவில்லை. ரசிகை என்று ஊருக்குச் சொல்லிக்கொள்கிறவள் நான்; நிறுத்தத்தில் இறங்க மறந்ததுகூட ஒருமுறையும் கிடையாது. அப்படியென்றால் எனக்குப் பிடிக்கும் என்பதற்கு என்னதான் பொருள்? வேலைக்கு இடைஞ்சல் செய்யாமல் கூட வருகிற பாட்டைத்தான் நான் பிடித்த பாட்டு என்று சொல்லி வந்திருக்கிறேனா? பஸ்ஸில் காதிலிருந்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, டிரைவர் போடுகிற பாட்டு ஏதாவது என்னைப் பிடித்து நிறுத்துகிறதா என்று சில நாள் பார்த்தேன். உச்சிப்புளி, ரயில்வே கேட், கருவேலங்காடு எல்லாம் வழக்கம்போல வந்து போயின. நானும் வழக்கம்போல என் நிறுத்தத்தில் இறங்கினேன்.

இனி அந்தப் பெரிய தழும்பு. அத்தையின் டிரான்சிஸ்டருக்கு ஏரியல் ஒடிந்துபோய், அந்த இடத்தில் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார். உள்ளூர் நிலையங்களைவிடக் கடலுக்கு அந்தப் பக்கத்து இலங்கை நிலையங்களைத்தான் அவருக்குப் பிடிக்கும். கிழக்கிலிருந்து கொண்டல் காற்று அடித்தால் அக்கரை தெளிவாகக் கேட்கும், மேற்கிலிருந்து கச்சான் அடித்தால் கலங்கும் என்பது அவர் துணிபு. காற்றுக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று வாதாடியிருக்கிறேன். பிறகு நானே கொடியில் காயும் சேலை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டு ரேடியோவைத் திருப்பத் தொடங்கினேன். தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இரைச்சல் எழுந்து நிலையம் நழுவிப் போய்விடும். உடனே குமிழைத் திருகிப் பிடிக்க வேண்டும். இந்தக் கரையில் ரேடியோ கேட்கிற எல்லோருக்கும் அந்த இரைச்சல் வந்ததுமே கை தானாகக் குமிழுக்குப் போய்விடும்.

போன வருஷம் பங்குனியில் ஒரு நாள் வேலை முடிந்து வருகிறேன். தெருமுனையிலேயே தீய்ந்த வாடை. அத்தை சட்டியை வாசலில் வைத்துக்கொண்டு, திருவிழாவுக்குப் போய்வந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கத்தரிக்காயும் கருவாடும் போட்ட புளிக்குழம்பு, கரியாகிக் கிடந்தது. "எந்தப் பாட்டு?" என்றேன். அக்கரையிலிருந்து வந்த பாட்டாம். ஒரு பெண் தனியாகப் பாடுகிறாளாம், பின்னால் பெரிதாக வாத்தியம் எதுவும் இல்லையாம். பாடியே காட்டினார்:

வாசல் வெளக்க எடுத்துப் போயி
வழியில வச்சது யாரு?

"யாருன்னு கேட்டா பாரு, அங்கனயே இரைச்சல் வந்துருச்சு. திருகு திருகுன்னு திருகுறேன், என்னென்னமோ நிலையம் வருது, அவ மட்டும் வரல. வெளக்க வச்சது யாருன்னே தெரியாமப் போச்சுத்தா" என்றார். குழம்பு போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. வரிகளைப் போனில் தட்டித் தேடினேன், வரவில்லை. மெட்டை முனகினால் பாட்டைக் கண்டுபிடிக்கிற வசதி இருக்கிறது என்று அத்தையைப் போனுக்கு முன்னால் உட்கார்த்தி முனகச் சொன்னேன். அது ஒரு சோப்பு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டியது. அத்தை போனைப் பார்த்த பார்வையில் அது சுட்டுப் பொசுங்காமல் இருந்தது ஆச்சரியம். பாட்டு கிடைக்காத குறைக்கு அவரே விடை சொல்லத் தொடங்கினார். ஒரு நாள், "கடலுக்குப் போனவன் வாரானான்னு பாக்க அவளே வச்சிருப்பா" என்பார். "அவளே வச்சா ஏன் யாருன்னு கேக்குறா?" என்பேன் நான். ஒரு வாரம் யோசித்துவிட்டு, "மாமியாக்காரியா இருக்கும், மருமகள விட அவளுக்குத்தான் பதற்றம்" என்பார். இன்னொரு நாள், வரமாட்டேன் என்று கிளம்பிப் போனவனே தான் போகிற வழி தெரிவதற்காக எடுத்துப் போயிருப்பான் என்றார். என் கணவர், "தெருவிளக்கு எரிஞ்சிருக்காதும்மா, வேற என்ன" என்றதற்கு, "ஏலே, அப்ப நீதான் போயிப் பாக்கணும்" என்று அவரை விரட்டினார். ஒவ்வொரு விடைக்கும் ஏற்ற மாதிரி அந்த மெட்டை நீட்டி, மேலே ஒரு வரி கட்டிப் பாடவும் செய்தார். எதுவும் அவருக்கு நிறைவாக இல்லை. "நான் சொல்றது இருக்கட்டும், அவ என்ன சொன்னான்னு தெரியணுமே" என்பார்.

எனக்கு ரவிக்கை தைத்துத் தருகிற தையல் அக்கா, அகதிகள் முகாமில் இருப்பவர். மன்னார்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் படகேறி வந்தவர். அவரிடம் வரிகளைச் சொன்னேன். "நான் கேட்டதில்லைத் தங்கச்சி. அங்க அண்ணன்ட மகள் இருக்கிறா, கேட்டுப் பாக்கிறன்" என்றார். மாதங்கள் ஓடின, தகவல் இல்லை. வருஷக் கடைசியில் என் பத்தைப் போட்டேன். அத்தை அவருடைய கணக்கில் அந்தப் பாட்டை மட்டும் சேர்க்க மறுத்துவிட்டார். பாதிப் பாட்டை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டார்.

இந்த வருஷம் ஆடியில் அத்தைக்கு நெஞ்சுவலி வந்தது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தேறிவிடுவார் என்றுதான் இருந்தோம், அவரும் அப்படித்தான் இருந்தார். பக்கத்துக் கட்டில்காரியின் போனில் ஓடுகிற பாட்டைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் சாயங்காலம் நான் கஞ்சி கொண்டுபோனபோது, "தையக்காரி ஏதும் சொன்னாளா? யாராம்?" என்று கேட்டார். "இன்னும் இல்ல அத்தை, சொல்லுவாங்க" என்றேன். "ம்" என்று சொல்லிக் கஞ்சியை வாங்கிக் குடித்தார். அதற்கடுத்த நாள் அவர் இல்லை. எத்தனையோ துக்கம் இருக்க, அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் அவரை அனுப்பிவிட்டோமே என்பதுதான் என்னை உலுக்கியது. சாவு வீட்டில் இதை யாரிடம் சொல்ல முடியும்? அடுக்களைக்குள் போய் அந்தச் சட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இந்த டிசம்பரில் வழக்கம்போலப் பட்டியல் தயாராகிவிட்டது. பத்தும் நல்ல பாட்டுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அதே சட்டியில் புளிக்குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டு நின்றிருந்தபோது தையல் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு வந்தது. அவரிடம் சொல்லி வைத்ததை நானே மறந்திருந்த நேரம். என்னவோ ஏதோ என்று தட்டினேன். ஒரு பெண் தனியாகப் பாடினாள். படகுகள் கிளம்பியதைப் பாடினாள், முற்றத்தில் காய்கிற வலையைப் பாடினாள். பிறகு, வாசல் விளக்கை எடுத்துப் போய் வழியில் வைத்தது யார் என்று கேட்டாள். அத்தை பாடிக் காட்டிய அதே இறக்கம், அதே இழுவை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு விடைக்குக் காத்திருந்தேன். அப்போது இரைச்சல் வந்தது.

நெட்வொர்க் போய்விட்டது என்று என் கை தானாகப் போனுக்குப் போயிற்று. ஆனால் பாட்டு நிற்கவில்லை, திரையில் கோடு நகர்ந்துகொண்டுதான் இருந்தது. போனைக் காதோடு வைத்தேன். இரைச்சல் மெல்ல ஏறியது, பின் சரசரவென்று வடிந்தது, மறுபடி ஏறியது. மணலை இழுத்துக்கொண்டு திரும்புகிற அலை. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற அதே கடல். கீழேயே தையல் அக்காவின் குரல்பதிவும் வந்திருந்தது: "இதுதானோ எண்டு பாருங்கோ தங்கச்சி. ஊர்ப் பிள்ளையள் சேர்ந்து செய்த பாட்டாம். அவ்வளவுதான், யாரெண்டு கேட்டுப்போட்டு, கடல் சத்தத்தோட முடிச்சுப்போட்டினம்."

அத்தை எதையும் தவறவிடவில்லை. முழுப் பாட்டையும் கேட்டிருக்கிறார். காலமெல்லாம் கடலோரத்தில் இருந்தவர், கடல் சத்தத்தை நிலையம் நழுவுகிற இரைச்சல் என்று நினைத்துக் குமிழைத் திருகியிருக்கிறார். அவள் விடையே சொல்லவில்லை, அத்தை. நீங்கள் சொன்னதைத் தவிர வேறு விடையே இல்லை. வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல. கண்ணீர் வேறு நிற்கவில்லை.

கூடத்திலிருந்து என் கணவர் ஓடி வந்தார். அப்போதுதான் எனக்கே வாடை தெரிந்தது. அவர் அடுப்பை அணைத்தார். சட்டியில் குழம்பு வற்றி, அத்தையின் தழும்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று கறுத்திருந்தது. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக நான் ஒரு குழம்பை மறந்திருக்கிறேன். அவர் சட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"எந்தப் பாட்டு?" என்று கேட்டார்.

போனை அவர் பக்கம் திருப்பி, முதலிலிருந்து ஓடவிட்டேன். சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டு, இரண்டு பேரும் அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்தோம். அந்த வரி வந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். யாரு என்று அவள் கேட்டு முடித்தாள். இரைச்சல் எழுந்தது. அவருடைய கை போனை நோக்கி நீண்டது. நான் பிடித்துக்கொண்டேன்.

"இருங்க," என்றேன். "அது கடலு."