மாப்பிள்ளை பார்த்த அம்பாசிடர்

எங்கள் வீட்டில் அப்பாவிடம் ஒரு ஸ்கூட்டர்தான் இருந்தது. கார்களெல்லாம் அத்தையிடம் இருந்தன. அப்பாவின் தங்கையான அவள், சிவகாசியில் எங்கள் அச்சாபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெடிக்கட்டுகளுக்கு லேபிள் வரைவாள். வீட்டுக்கு வந்ததும் கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு தன் அறையிலிருந்த கண்ணாடி அலமாரியைத் திறப்பாள். அந்தக் காலத்து வண்டிகள் எல்லாம் உள்ளங்கை அளவில் வரிசையாக நிற்கும். உருண்டைக் கண் ஜீப், மூக்கு நீண்ட லாரி, ஆமை முதுகுக் கார், மாடி பஸ். பிளாஸ்டிக் அல்ல, உலோக வார்ப்பு. கையில் வைத்தால் கனக்கும். பம்பாயிலிருந்து கூரியரில் ஒரு பெட்டி வந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு வேண்டாம்.

எனக்கு அப்போது எட்டு வயது. அத்தைக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த வரன்கள் ஏதேதோ காரணத்தால் தட்டிப்போக, தீபாவளி சீசன் முடிந்து காலண்டர் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருதுநகரிலிருந்து ஒரு பருப்பு வியாபாரி வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

காலையிலேயே அப்பா அலமாரி முன்னால் வந்து நின்றார்.

“இத எல்லாம் எடுத்து உள்ள வையி. வாரவுக என்ன நெனப்பாக? முப்பது வயசுப் பொண்ணு பொம்மக்கார் வச்சு வெளையாடுதுன்னுல்ல சொல்லுவாக.”

“வெளையாடல அண்ணே” என்றாள் அத்தை.

“அது நமக்குத் தெரியும். அவுகளுக்குத் தெரியுமா?”

அப்பாவுக்கும் அது தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்மா ஒரு காலிப் பட்டாசுப் பெட்டியைக் கொண்டுவந்தாள். அத்தை ஒவ்வொரு வண்டியையும் பழைய காலண்டர் தாளில் சுற்றிக் கொடுக்க, நான் வாங்கி அடுக்கினேன். பெட்டி கட்டிலுக்கடியில் போனது. காலியான கண்ணாடி அலமாரியில் அம்மா எங்கிருந்தோ எடுத்துவந்த டீ கோப்பைகளை வைத்தாள்.

ஹாலில் பிரிட்ஜின் தலையில் ஓர் அம்பாசிடர் நின்றதை எல்லோரும் மறந்துவிட்டோம். முந்தின நாள் வந்த புது வண்டி அது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். காராச்சேவும் அல்வாவும் வந்தன. அத்தை காப்பி கொடுத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மழையைப் பற்றிப் பேசி முடித்தார்கள். அப்போதுதான் மாப்பிள்ளை பிரிட்ஜைப் பார்த்தார். பார்த்தவர் எழுந்து அதன் பக்கத்திலேயே போய்விட்டார்.

“அட, அம்பாசிடர்! மார்க் ஒன்னுல்ல இது?”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

“இல்ல, மார்க் டூ” என்றாள் அத்தை. “முன்னால கிரில்லப் பாருங்க, கட்டங்கட்டமா இருக்கும்.”

அவர் கண்ணருகே வைத்துப் பார்த்தார். “ஆமா, நீங்க சொன்னதுதான் சரி. இது யாரோடது?”

“என்னோடதுதான்.”

அதன்பிறகு அங்கே நடந்தது எதுவும் எனக்கு விளங்கவில்லை. காலையில் ஒளித்துவைக்கச் சொன்ன அப்பா, “அம்புட்டும் தங்கச்சி சேத்ததுதான். இன்னும் ஒரு பெட்டி நெறைய இருக்கு. ஏ பாப்பா, போய் இழுத்துட்டு வா” என்றார், என்னமோ தானே பம்பாய்க்குப் போய் வாங்கிவந்ததுபோல. நான் கட்டிலுக்கடியில் ஊர்ந்து பெட்டியை ஹாலுக்கு இழுத்து வந்தேன். மாப்பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவர் தாத்தாவிடம் இதே மாதிரி மூக்கு லாரி இருந்ததாம். அத்தையும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எந்த வண்டிக்குக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். வெளியாட்கள் முன்னால் அத்தை அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை ஜீப்பைத் தரையில் வைத்து எங்கள் பக்கமாக உருட்டிவிட்டார். “அப்பறமென்ன, நமக்குப் பெறக்கப்போற பயலுக்குப் பொம்மையே வாங்க வேண்டாம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரிதாகச் சிரித்தது நான்தான். அத்தையும் சிரித்தாள். பிறகு காலண்டர் தாள்களை எடுத்து வண்டிகளைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தாள். அவர் கையிலிருந்த லாரிக்காகக் கையை நீட்டினாள். அவர் கொடுத்தார்.

அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்ததுமே போன் வந்தது. பிடித்திருக்கிறது என்றார்கள். அப்பா ரிசீவரைப் பொத்திக்கொண்டு, பேருக்கு ஒரு வார்த்தை கேட்பதுபோல அத்தையைப் பார்த்தார்.

“வேண்டாம் அண்ணே.”

அப்பா போனில் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தார். “என்ன வேண்டாம்? பையன் மொகங்கோணுனானா? கொற ஏதும் சொன்னானா?”

“இல்ல. நல்ல மனுசன்தான்.”

“ஒனக்குப் புடிச்சதெல்லாம் அவனுக்கும் புடிச்சிருக்கு. இந்த ஜில்லாவுல இன்னொருத்தன் கெடைப்பானா?”

“அவருக்குக் காரப் பத்தித் தெரியுது அண்ணே. அது என்னோடதுங்கறதுதான் தெரியல” என்றாள் அத்தை. அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா கோப்பைகளை எடுத்து அலமாரியைக் காலி செய்துவிட்டு, தன் முந்தானையாலேயே கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள்.

நான் வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தேன். மார்க் டூவை மார்க் ஒன்று என்று சொன்னதற்காக ஒருவரை வேண்டாம் என்பார்களா? அப்படி இருக்காது, தப்பை அவர் உடனே ஒப்புக்கொண்டாரே. யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தேன். பிறக்கப்போகிற அந்தப் பையன் வண்டிகளை உடைத்துவிடுவான் என்று அத்தைக்குப் பயம். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை பெரிய சண்டை என்று எழுந்து உள்ளே ஓடினேன்.

அத்தை ஜீப்பை அதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்தே, நீ அவரையே கட்டிக்கோ. ஒம் பிள்ள இதத் தொடாம நான் பாத்துக்கிடுதேன்.”

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதலில் சத்தமில்லாமல்தான் சிரித்தாள். அப்புறம் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அறை வாசலில் நின்ற அம்மா உள்ளே வராமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அப்பா எப்போது திரும்பப் போன் போடுவார் என்று பொழுது சாயும்வரை காத்திருந்தேன்.