வேலாயி அக்கா குடித்த இளநீர்

என் மனைவி தேவமலருக்கு மட்டும் ஒரு நாளைக்கு இருபத்தாறு மணி நேரம் என்று நான் கேலி செய்வதுண்டு. ஆயர் குரோவில் தொழிற்சாலை வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். இதற்கு நடுவில் எதிர்வீட்டு வேலாயி அக்காவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவாள். அக்காவுக்குச் சொந்தமென்று யாருமில்லை. பன்னிரண்டு மணிக்கு மலாக்கா டயாலிசிஸ் சென்டரில் அவரை இறக்கிவிட்டு, அப்படியே ஷிப்டுக்கு ஓடுவாள். மதியச் சோறு காரில்தான், சிவப்பு விளக்கில் நிற்கும்போது.

எனக்கு அது பிடிக்கவில்லை. லாரி ஓட்டிக் களைத்து வந்தால் ஆறிப்போன குழம்பும் பூட்டிய வீடும்தான். "ஊர்ல வேற ஆளே இல்லையா, நீதான் போவணுமா?" என்று வாசலில் நின்றே எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். அவள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். இரண்டு வருடமாக இதே கதைதான்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை அவளை அன்று மட்டும் காலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு விடுமுறை. "இன்னிக்கு ஒருநாள் நீங்க கூட்டிட்டுப் போங்க. ஓட்டிட்டுப் போனா போதும், வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்றாள். முறைத்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டேன்.

அன்று பார்த்து வழியில் கோவில் திருவிழா. தேர் வருகிறதென்று ரோட்டை அடைத்துவிட்டார்கள். காரில் ஏர்கான் சரியில்லை. அக்காவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்திலேயே தண்ணீர்ப் பந்தல். இறங்கிப்போய் இரண்டு டம்ளர் இளநீர் வாங்கி வந்தேன். அக்கா டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டையும் குடித்தார். பெரிய புண்ணியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

தேவமலர் இடைவேளையில் போன் செய்தாள்.

"ரோடு ஜாம்லா. நீ பயப்படாத, அக்காவுக்கு இளநி வாங்கிக் குடுத்துட்டேன்" என்றேன்.



"எவ்ளோங்க குடுத்தீங்க?"

"ரெண்டு டம்ளர்."

"கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு இளநி விஷங்க. அதுல இருக்குற பொட்டாசியம் வெளிய போவாது. சனி ஞாயிறு ரெண்டு நாளா ரத்தம் வேற சுத்தமாகல. ஹார்ட்டே நின்னுடும்." அடுத்த மூச்சிலேயே சொன்னாள்: "சென்டருக்குப் போவாதீங்க. நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. உள்ள போனதும் மொதல்ல இளநின்னு சொல்லுங்க."

முன்னால் தேர், பின்னால் பத்துப் பதினைந்து கார்கள். இறங்கி ஓடி, போலீஸ்காரரிடம் மலாய் மொழியில் கெஞ்சினேன். அவர் கயிற்றைத் தூக்கிப் பக்கத்துச் சந்துக்குள் வழிவிட்டார். "காலு கனக்குது தம்பி" என்றார் அக்கா. அடுத்த முனையில், "நெஞ்சு என்னமோ பண்ணுது." அதற்கப்புறம் பேச்சில்லை. பன்னிரண்டு சக்கர லாரியை மலை இறக்கத்தில் ஓட்டியிருக்கிறேன். அந்தச் சின்னக் காரின் ஸ்டியரிங் என் கையில் நிற்கவில்லை. "அக்கா, எதாச்சும் பேசுங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

எமர்ஜென்சியில் நான் இளநீர் என்று சொன்னதுமே ஊசி போட்டார்கள், மெஷினில் இணைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். தேவமலர் தொழிற்சாலை உடுப்போடு ஓடி வந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் அக்கா கண் திறந்தார்.

"இளநி ஆகாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கா?" என்று கேட்டேன்.

"தெரியும் தம்பி."

"அப்புறம் ஏன் குடிச்சீங்க?"

"ரெண்டு வருசமா வாசல்ல நீ போடுற சத்தம் எனக்குக் கேக்கும். இன்னிக்குத்தான் மொத மொதல்ல உன் கையால ஒண்ணு வாங்கியாந்து குடுத்த. வேணாம்னு எப்படி தம்பி சொல்றது?"

தேவமலர் போர்வையை இழுத்து அக்காவின் காலை மூடினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. புதன்கிழமையும் நானே வருகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.